டயர் ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், நீண்ட பயணத்துக்கு முன் காரில் பார்க்க வேண்டியவற்றைப் பற்றி எழுதியபோது, ‘பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுங்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவையே. அவற்றில் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடைய சிறிய கார் 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன் டயர்கள் இரண்டும் மொட்டையாகும் நிலைக்கு வந்துவிட்டன. பின் டயர்களில் இன்னும் பாதி மீதமிருக்கிறது. இதுவரை ஒருமுறைகூட இடம் மாற்றியதில்லை. ‘அப்போதே மாற்றியிருந்தால் டயர் செலவில் பாதி மிச்சமாகியிருக்கும்’ என்கிறார் டயர்க் கடைக்காரர். உண்மையிலேயே அவ்வளவு இழந்துவிட்டேனா? இப்போது நான்கையும் மாற்றுவதா, இரண்டை மட்டும் மாற்றுவதா? – வாசகர், திருப்பூர்

பதில்: அவ்வளவு இழக்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய எதையுமே இழக்கவில்லை. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரங்களால் இழுக்கப்படுபவை. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் முன்னால் இருப்பதால் மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் முன் டயர்களின் மேல் இறங்குகிறது. காரை இழுப்பதும், திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு சுமையைத் தாங்குவதும் அவைதான். பின் டயர்கள் கூடவே உருண்டு வருகின்றன, அவ்வளவே. ஆகையால் முன் டயர் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்வதில் வியப்பில்லை.

ஒரு புதிய டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதால், தேய்க்கக் கிடைப்பது 6.4 மில்லிமீட்டர். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு முன் டயர் 2 மில்லிமீட்டரும் பின் டயர் 1 மில்லிமீட்டரும் தேய்ந்தால், இடம் மாற்றாத காரில் முன் டயர்கள் 32,000 கிலோமீட்டரிலும் பின் டயர்கள் 64,000 கிலோமீட்டரிலும் முடிகின்றன. அதாவது 64,000 கிலோமீட்டருக்கு ஆறு டயர்கள். ஒழுங்காக இடம் மாற்றிய காரில் நான்கும் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் வீதம் தேய்ந்து சுமார் 42,700 கிலோமீட்டரில் ஒன்றாக முடிகின்றன. அதே 64,000 கிலோமீட்டருக்கு ஒன்றரை செட் என்றால் அதுவும் ஆறு டயர்கள்தான். இடம் மாற்றுவதால் ரப்பர் மிச்சமாகிறது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் எதற்காக இடம் மாற்ற வேண்டும்? நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும்போது, ஈரச் சாலையில் காரின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே மாதிரி பிடித்து நிற்கின்றன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது சக்கரம் கழற்றப்பட்டு, அதன் உட்பக்கம் ஒரு மனிதக் கண்ணில் படுகிறது என்பது. மேலே போட்ட கணக்கு, டயர் அகலம் முழுவதும் சீராகத் தேய்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து 1.6 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால், நடுவில் 4 மில்லிமீட்டர் இருந்தாலும் அந்த டயரைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். பணம் போவது அங்கேதான். அதைக் கண்டுபிடிக்கும் சந்தர்ப்பத்தைத்தான் நீங்கள் மூன்று முறை தவறவிட்டிருக்கிறீர்கள்.

இப்போது இரண்டு டயர்கள் மட்டும் வாங்கினால் போதும். ஆனால் புதியவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த பாதி தேய்ந்தவற்றை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘இழுக்கிற சக்கரத்துக்குத்தானே புதுசு’ என்று கடையில் வாதிடுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். தேங்கிய நீரில் முன் டயர் பிடிப்பை இழந்தால் ஸ்டீயரிங் இலேசாகிவிடும், கார் நேராக வழுக்கும், ஓட்டுபவர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், பெரும்பாலும் பிடிப்பு திரும்பி வரும். பின் டயர் பிடிப்பை இழந்தாலோ கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும்; அதைச் சமாளிக்கும் பயிற்சி நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஆழமான டயர் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பது, கார் முன் சக்கரத்தால் இழுக்கப்பட்டாலும் பின் சக்கரத்தால் தள்ளப்பட்டாலும் பொருந்தும்.

கேள்வி: பஞ்சர் போடுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றியவர், முன்பக்க இடது டயரின் உள் ஓரத்தில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருப்பதைக் காட்டியபோது திகைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கிறது. வலது டயரிலும் குறையில்லை. சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்துவிட்டேன். அந்த டயரைப் பின்னால் போட்டுச் சில மாதங்கள் ஓட்டலாமா? – வாசகி, சென்னை

பதில்: கூடாது. கம்பி தெரிந்த டயரை எந்த இடத்திலும் ஓட்டக் கூடாது. அதை ஸ்டெப்னியாகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். கேள்வியின் மீதிப் பகுதிதான் முக்கியமானது, ஏனெனில் அலைன்மென்ட் செய்ததோடு காரணம் நீங்கிவிட்டது என்று நீங்கள் நம்புகிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

டயர் ஓரம் தேய்வதற்குச் சக்கரத்தின் இரண்டு வகைக் கோணப் பிசகுகள் காரணமாகின்றன. நம் இரு பாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பாதத்தின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால் அது ‘டோ’. பாதம் நேராக இருந்தும் உடல் எடை ஒரு ஓரத்தில் சாய்ந்து, செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்தால் அது ‘கேம்பர்’. டோ பிசகினால் டயர் உருண்டுகொண்டே பக்கவாட்டிலும் இழுபடுகிறது. வெறும் கால் டிகிரி பிசகு என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் அது 44 கிலோமீட்டர். கண்ணுக்கே தெரியாத ஒரு கோணம் ஒரு டயரைச் சில மாதங்களில் தின்றுவிடுவது இப்படித்தான்.

இவ்விரண்டையும் உள்ளங்கையாலேயே பிரித்தறியலாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்து நிறுத்திவிட்டு, கம்பியோ ஆணியோ நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு, டயர்க் கடைகளில் ‘பட்டன்’ என்று சொல்லப்படும் மேற்பரப்புக் கட்டைகளின் மேல் கையைக் குறுக்காகத் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே தடவும்போது ஒரு மாதிரியாகவும் வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வேறு மாதிரியாகவும், அதாவது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் மீன் செதிலை எதிர்த்துத் தடவியதைப் போல் சொரசொரப்பாகவும் இருந்தால், அது டோ பிசகு. கை வெளியே போகும்போது கூர் முனை தட்டினால் சக்கரங்களின் முன்பக்கம் அளவுக்கு மீறி உள்நோக்கியிருக்கிறது. கை உள்ளே வரும்போது தட்டினால் வெளிநோக்கியிருக்கிறது. இரு திசையிலும் வழுவழுப்பாக இருந்து, ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் அது கேம்பர்.

இன்னொரு துப்பும் இருக்கிறது. முன் சக்கரங்கள் இரண்டும் ஸ்டீயரிங் தண்டுகளால் இணைக்கப்பட்டிருப்பதால், டோ பிசகை இரண்டு டயர்களும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். தேய்மானம் இரண்டிலும் தெரியும். உங்கள் காரில் இடது டயர் மட்டும் தேய்ந்திருக்கிறது. நம் சாலைகளில் உடைந்த ஓரமும், பாதாளச் சாக்கடை மூடியின் பள்ளமும், மழைக்குப் பின் நீருக்குள் ஒளிந்திருக்கும் குழியும் முதலில் வரவேற்பது இடது முன் சக்கரத்தைத்தான். அப்படி ஒரு குழியில் பலமாக இறங்கியதில் சக்கரத்தை அடியில் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மோ ஷாக் அப்சார்பர் தண்டோ சற்று வளைந்திருக்கலாம், அல்லது அந்த இணைப்பில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருக்கலாம். பெரும்பாலான சிறிய கார்களில் கேம்பரைத் திருகிச் சரிசெய்வதற்கு வழியே கிடையாது. அலைன்மென்ட் மேடையில் சரிசெய்யப்படுவது முன் டோ மட்டுமே. வளைந்த பாகம் வளைந்தபடியே இருக்க, ஸ்டீயரிங் நேராகி, கட்டணச் சீட்டும் கைக்கு வந்துவிடும். ஆகவே அலைன்மென்ட் கணினி அச்சிட்டுத் தரும் தாளைக் கேட்டு வாங்கி, இடது கேம்பர் எண்ணையும் வலது கேம்பர் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருந்தால், புதிய டயர் வாங்குவதற்கு முன் அடியில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. டயரை முன்னிருந்து பின்னுக்கோ, இடமிருந்து வலத்துக்கோ மாற்றினாலும், ரிம்மோடு சேர்த்தே மாற்றுவதால் உள் ஓரம் உள் ஓரமாகவேதான் இருக்கும். உள் ஓரத் தேய்மானத்துக்கு இடம் மாற்றுவது மருந்தல்ல. அது நோயாளியை வேறு கட்டிலுக்கு மாற்றுவது. கோணம் பிசகிய காரில் ஒழுங்காக இடம் மாற்றிக்கொண்டே வந்தால், இரண்டு டயர்கள் கெடுவதற்குப் பதிலாக நான்கும் கெடும், எந்தச் சக்கரத்தில் பிசகு என்ற தடயமும் அழிந்துவிடும். அதனால்தான் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு டயரிலும் அது இருந்த இடத்தைச் சாக்பீஸால் எழுதி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளும்படி என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

கேள்வி: தொழில் நிமித்தம் வாரந்தோறும் வால்பாறைக்குப் போய் வருகிறேன். முன் டயர்கள் இரண்டிலும் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது. மூன்று கடைகளில் அலைன்மென்ட் பார்த்தும் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்கிறார்கள். யாரை நம்புவது? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: மூவரையும் நம்பலாம். ஆழியாறிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். போய் வந்தால் 80. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் முழுவதுமாக ஒடிக்கப்படுகிறது, காரின் எடை வளைவின் வெளிப்புறச் சக்கரத்தின் மேல் சாய்கிறது, அந்த டயர் தன் வெளி ஓரத்தின் மேல் மடங்கி உருள்கிறது. சமவெளியில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் படாத பாட்டை உங்கள் டயரின் வெளி ஓரம் சில வாரங்களில் பட்டுவிடுகிறது. கொல்லிமலையின் 70 வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்கும் கார்களிலும் இதே தேய்மானத்தைப் பார்க்கலாம்.

காற்றழுத்தம் குறைந்திருந்தால் டயர் இன்னும் அதிகமாக மடங்கும் என்பதால், மலை ஏறுவதற்கு முன் காற்றைச் சரிபார்ப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். இறங்கும்போது வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைந்துகொண்டே பிரேக் பிடிப்பதுதான் ஓரத்தை உரிக்கிறது. பின் டயர்களில் இந்தத் தேய்மானம் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், இடம் மாற்றுவது உண்மையிலேயே பலன் தரும் வாசகர் நீங்கள்தான். பத்தாயிரம் வரை காத்திருக்காமல் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: ‘ரேடியல் டயரை இடமிருந்து வலமாக மாற்றவே கூடாது, முன்னும் பின்னும் மட்டும்தான் மாற்ற வேண்டும்’ என்று என் மாமனார் உறுதியாகச் சொல்கிறார். சர்வீஸ் சென்டரிலோ குறுக்காக மாற்றுகிறார்கள். எது சரி? – வாசகர், மதுரை

பதில்: மாமனார் சொல்வது ஒரு காலத்தில் டயர் நிறுவனங்களே சொன்னது, எனவே அவரிடம் சற்றுப் பணிவாகவே மறுத்துப் பேசுங்கள். ரேடியல் டயர் புழக்கத்துக்கு வந்த தொடக்கக் காலத்தில், உள்ளிருக்கும் எஃகு இழைப் பட்டைகள் ஒரு திசையில் சுழன்று பழகிவிட்டால் திசையை மாற்றக் கூடாது என்ற கருத்து இருந்தது. இன்றைய டயர்களுக்கு அந்தத் தடை இல்லை.

முன் சக்கரங்களால் இழுக்கப்படும் காரில், முன் டயர்கள் இரண்டும் அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்குப் போக வேண்டும். பின் டயர்கள் இரண்டும் பக்கம் மாறிக் குறுக்காக முன்னுக்கு வர வேண்டும். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா போன்று பின் சக்கரங்களால் தள்ளப்படும் வண்டிகளில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: பின் டயர்கள் நேராக முன்னுக்கு, முன் டயர்கள் குறுக்காகப் பின்னுக்கு. குறுக்கே மாற்றுவதில் ஒரு பலன் இருக்கிறது. பக்கம் மாறும்போது டயர் சுழலும் திசையும் மாறுவதால், ஒவ்வொரு பட்டனின் ஒரு முனை மட்டும் தேய்ந்து ரம்பப் பல் போல் ஆகியிருந்தால், எதிர்த் திசையில் ஓடி அது மெல்ல நிரவப்படுகிறது.

ஆனால் எல்லா டயர்களையும் இப்படிப் பக்கம் மாற்ற முடியாது. டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி போட்டு, அதன் அருகே ‘ரொட்டேஷன்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அந்த டயர் ஒரு திசையில் மட்டுமே உருள வேண்டும். அதற்கு மாமனாரின் விதிதான் சரி. நீரை வெளியேற்றும் அதன் வாய்க்கால்கள் அம்பு முனைபோல் வெட்டப்பட்டிருப்பதால், திருப்பிப் போட்டால் மழையில் அவை சரியாக வேலை செய்யாது. ‘அவுட்சைடு’, ‘இன்சைடு’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சக்கரத்துக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். ‘அவுட்சைடு’ என்று எழுதிய பக்கம் வெளியே தெரிந்தால் போதும்.

கேள்வி: டயர்களை இடம் மாற்றிய நாளிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் விமானம் புறப்படுவதைப் போல ஓர் இரைச்சல் கேட்கிறது. மாற்றியவர்கள் எதையாவது கெடுத்துவிட்டார்களா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கெடுக்கவில்லை, இத்தனை நாளும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த சத்தத்தை முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். முன் சக்கர இழுவைக் கார்களின் பின் டயர்கள், எடையில்லாமல் சும்மா உருள்வதால், மேலே சொன்ன ரம்பப் பல் தேய்மானத்துக்கு எளிதில் ஆளாகின்றன. பின்னால் இருக்கும்போது அந்த முழக்கம் டிக்கியோடு நின்றுவிடும். முன்னால் வந்ததும் ஸ்டீயரிங் வழியாகவும் தரை வழியாகவும் நேரே ஓட்டுபவரிடம் வந்து சேர்கிறது.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் காரில் இதே முழக்கம் கேட்டபோது, ஒரு பட்டறையில் ‘பேரிங் போய்விட்டது’ என்றார்கள். முன் பேரிங்குகள் இரண்டையும் மாற்றிப் பணம் கட்டிவிட்டு வெளியே வந்து பிரதான சாலையில் ஏறினால், அதே முழக்கம், அதே சுருதி. இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது என்பது பிறகுதான் மண்டையில் உறைத்தது. பேரிங் சத்தம், போக்குவரத்து இல்லாத சாலையில் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைக்கும்போது கூடிக் குறையும். டயர் சத்தம், சிமென்ட் சாலையிலிருந்து புதிதாகப் போட்ட தார்ச் சாலைக்கு மாறும்போது மாறும்.

கையால் தடவும்போது பல் போல் இருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் சத்தம் குறையக் காண்பீர்கள். பல் போல் இல்லாமல், டயரைச் சுற்றி ஆங்காங்கே கரண்டியால் தோண்டியதைப் போன்ற குழிகள் தென்பட்டால் அது வேறு நோய்: ஷாக் அப்சார்பர் தளர்ந்து, டயர் சாலையில் ஓடாமல் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, அல்லது நீண்ட நாட்களாக பேலன்சிங் செய்யப்படவில்லை. அந்தக் குழிகள் தாமாக ஆறுவதில்லை.

கேள்வி: அலைன்மென்டும் பேலன்சிங்கும் ஒன்றுதானே? – வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது அலைன்மென்ட். சுற்றும்போது அதன் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது பேலன்சிங். முதலாவது கெட்டால் டயர் தேயும், கார் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டாவது கெட்டால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

கேள்வி: என் காரின் நான்கு டயர்களிலும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, ஓரங்கள் புதிதாக இருக்கின்றன. டயரிலேயே 44 பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பதால் 42 வைக்கிறேன். நைட்ரஜனுக்கு மாறினால் சரியாகுமா? – வாசகர், சேலம்

பதில்: டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு அல்ல. காருக்கான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியிருக்கும். காற்று அதிகமானால் டயர் பலூனைப் போல் உப்பி நடுவில் மட்டும் நிற்கும். குறைந்தால் நடு குழிந்து இரண்டு ஓரங்களும் தேயும். கார் சில கிலோமீட்டர் ஓடிச் சூடான பிறகு அளந்தால் எண் கூடித் தெரியும் என்பதால், காலையில் வண்டி எடுத்தவுடன் அருகிலுள்ள பங்க்கில் அளப்பதே சரி.

நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவே. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. 42 பி.எஸ்.ஐ. நைட்ரஜனும் நடுவைத்தான் தேய்க்கும்.

கேள்வி: நெக்ஸான் மின்சாரக் கார் வைத்திருக்கிறேன். முன்பு வைத்திருந்த பெட்ரோல் காரைவிட டயர் வேகமாகத் தேய்வதாகத் தோன்றுகிறது. பிரமையா? – வாசகர், ஓசூர்

பதில்: பிரமையில்லை. பேட்டரியின் எடை ஒரு பக்கம். ஆக்ஸிலரேட்டரை மிதித்த நொடியிலேயே மோட்டார் தன் முழு முறுக்குவிசையையும் தந்துவிடுவது மறு பக்கம். மூன்றாவதாக ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் காரில் மோட்டார் முன் சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. காலை எடுத்ததும் மின்சாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேகத்தைக் குறைப்பதும் அதே மோட்டார்தான். அதாவது நீங்கள் பிரேக்கை மிதிக்காமலேயே முன் டயர்கள் மட்டும் நாள் முழுவதும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிரேக் பேடில் மிச்சமாகும் பணம் ஓரளவு முன் டயர்களில் போகிறது. 8,000 கிலோமீட்டருக்குள் இடம் மாற்றுங்கள். சிக்னலில் முதல் ஆளாகப் புறப்படும் ஆசையை அடக்கினால் இன்னும் நல்லது.

கேள்வி: ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களாக மாற்றலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஸ்டெப்னி என்ற சொல்லே ஓர் ஊரின் தெருப் பெயர். உபரிச் சக்கரம் இல்லாமல் கார்கள் விற்கப்பட்ட காலத்தில், 1904-இல், வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் செய்யப்பட்ட உபரிச் சக்கரம் அந்தப் பெயரில் உலகெங்கும் போயிற்று. நம் பஞ்சர் கடைகளில் அது இன்றும் வாழ்கிறது.

உங்கள் ஸ்டெப்னி மற்ற நான்கின் அதே அளவிலும் அதே வகை ரிம்மிலும் இருந்தால், கார் புதிதாக இருக்கும்போதே தொடங்கி ஐந்தையும் சுழற்றலாம். முன் சக்கர இழுவைக் காரில் வலது முன் டயர் ஸ்டெப்னியாகப் போக, ஸ்டெப்னி வலது பின் இடத்துக்கு வரும். மற்றவை முன்பு சொன்னபடியே. ஆனால் அலாய் வீல் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி ஓர் அளவு சிறியதாக, இரும்பு ரிம்மில், வேக வரம்பு ஒட்டியபடி வருகிறது. அதைச் சுழற்சியில் சேர்க்கக் கூடாது. ஐந்தாறு ஆண்டுகள் டிக்கியில் படுத்துக்கிடந்த ஸ்டெப்னியையும், பட்டன் புதிது போல் இருந்தாலும், வயதைப் பார்க்காமல் எடுத்துப் போடாதீர்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்கள் அதன் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

கேள்வி: காரோடு வந்த ஜாக்கி ஒன்றுதான் இருக்கிறது. வீட்டிலேயே இடம் மாற்ற முடியுமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியும், ஐந்து முறை ஜாக்கி வைக்கும் பொறுமை வேண்டும். ஸ்டெப்னியை ஒரு காலியிடம் போலப் பயன்படுத்திக்கொள்வதுதான் உத்தி. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, தூக்கும் மூலைக்குக் குறுக்கே எதிர் மூலையில் உள்ள சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, முன் சக்கர இழுவைக் காரில் இப்படிச் செய்யுங்கள்: இடது பின் சக்கரத்தைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியைப் போடுங்கள். கையில் இருக்கும் சக்கரத்தை வலது முன் இடத்தில் போட்டு, அங்கிருந்ததை வலது பின் இடத்துக்குக் கொண்டுபோங்கள். வலது பின்னில் கழற்றியதை இடது முன்னில் போடுங்கள். இடது முன்னில் கழற்றியதை, ஸ்டெப்னி நிற்கும் இடது பின்னில் போட்டால் சுற்று முடிகிறது. நட்டுகளை இலேசாகத் தளர்த்துவது கார் தரையில் நிற்கும்போதும், சக்கரத்தைக் கழற்றுவது தூக்கிய பிறகும் நடக்க வேண்டும். காருக்கு அடியில் ஒருபோதும் கையையோ தலையையோ நுழைக்காதீர்கள்.

மாட்டும்போது நட்டுகளை முதலில் விரலால் திருகி, பிறகு ஒன்றுக்கு எதிரில் உள்ளதை என்ற வரிசையில் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஸ்பேனரின் மேல் ஏறி மிதிக்க வேண்டாம். அப்படி மிதித்தும் காற்று எந்திரத்தால் முறுக்கியும் பல போல்ட்டுகளின் மரை போயிருக்கிறது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கத்தைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு காற்றழுத்தம் குறிப்பிட்டுள்ள கார் என்றால், டயர் இடம் மாறினாலும் காற்று இடம் மாறியிருக்காது என்பதால், பங்க்கில் நான்கையும் புதிய இடத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.